மாப்பிள்ளை கழுவி வைத்த எஞ்சின்

கெட்ட பெயர் எடுத்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. புதிதாக ஒரு தப்பு செய்தால் அதுவும் பழைய தப்புகளோடு ஒன்றாகச் சேர்ந்துவிடும். நல்ல பெயர் எடுத்தவன் பாடுதான் திண்டாட்டம். தடுக்கி விழுந்தால்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் அவன் எழுந்திருக்க வேண்டும்.

அந்தத் தெருவில் மாப்பிள்ளை என்றால் ஒருவன்தான். எத்தனையோ வீடுகளுக்கு எத்தனையோ மாப்பிள்ளைகள் வந்து போனாலும், படகுக்காரர் வீட்டில் பெண்ணைக் கட்டி அங்கேயே தங்கிவிட்ட இவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். இவனை யாரும் பேசவில்லை. மாமனாருக்கு முழங்கால் மடங்காமல் போன பிறகு படகு இவன் கைக்கு வந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. இவன் கயிறு சுருட்டினால் அளவெடுத்தாற்போல இருக்கும். பெட்ரோல் ஊற்றினால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது. "மாப்பிள்ளை கையில குடுத்தா பச்சப் புள்ளையக் குடுத்த மாதிரி" என்று மாமியார் குழாயடியில் சொல்லிச் சொல்லி, தெருவே அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

மாமியார் பெற்ற பிள்ளை இதற்கு நேர்மாறு. படகு கரையைத் தொடும் முன்பே குதிப்பான். ஸ்பேனரை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கமாட்டான். அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று அப்பா திட்டித் திட்டி, நாளாவட்டத்தில் அவசரம் உதிர்ந்துபோய் குடுக்கை மட்டும் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானோ என்னவோ. அக்கா புருஷன் மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அத்தான் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். ஆட்டிவிட்டு மறந்துவிடுவான்.

ரொம்பக் கெஞ்சி, காலைச் சவாரியை மட்டும் தனியாக ஓட்டலாம் என்று அப்பாவிடம் அனுமதி வாங்கியிருந்தான் குடுக்கை. மழை விட்டதும் முதல் சவாரி போனான். போன படகு இன்னொரு படகின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டுத் திரும்பி வந்தது.

துறையில் கூட்டம் கூடிவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்ட நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். கொத்தனார்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். காய்கறிக் கூடைக்காரி மட்டும் இறங்காமல் உட்கார்ந்து, நடு ஆற்றில் எஞ்சின் எப்படிப் புகைந்தது, எப்படி லொட லொடவென்று அடித்தது, எப்படி நின்றது, நீரோட்டம் கடல் பக்கம் இழுத்தபோது தான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்றெல்லாம் விவரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார் மாமனார்.

"ஒண்ணும் பண்ணலப்பா. ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுடுச்சு."

"ஒண்ணும் பண்ணாமத்தான் நின்னுச்சா? இத்தனை வருஷமா மாப்பிள்ளை ஓட்டுறார், அவர் கையில என்னிக்காவது நின்னிருக்கா? உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருந்தா அரைக்கவாவது ஆகியிருக்கும். இவன் என் புள்ளைன்னு நாலு பேர் முன்னால சொல்லிக்கவே கூசுதுடா எனக்கு."

கொத்தனார்களின் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை குனிந்து, இழுத்து வந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு. அது அவிழவே கூடாது என்று அவனுக்கு இருந்தது. அவிழ்ந்துவிட்டால் நிமிர வேண்டும்.

எஞ்சின் ஏன் நின்றது என்று அந்தத் துறையில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

மழைக்கு முன்னால் நடந்தது அது. அந்தக் கரையில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதும், காலையில் கொண்டுவந்து மாட்டுவதும் அவர்கள் வழக்கம். துறையில் விட்டுவைத்தால் காலையில் படகு இருக்கும், எஞ்சின் இருக்காது. அன்று காலை குடுக்கை தாங்கிப் பிடிக்க, மாப்பிள்ளை பின்பலகையில் மாட்டினான். திருகுகளை ஒரு சுற்றுச் சுற்றியபோது கூடைக்காரி கூப்பிட்டாள், கூடையைத் தூக்கிவிடச் சொல்லி. அப்புறம் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று போனவன், வந்து இறுக்கவில்லை. கழன்றாலும் தொங்கட்டும் என்று எஞ்சினைப் படகோடு சேர்த்துக் கட்டுகிற கயிற்றையும் கட்டவில்லை. அந்தக் கயிற்றைப் பற்றி மச்சினனுக்கு அவன் செய்த உபதேசங்களை எழுதினால் ஒரு புராணம் தேறும்.

மணல் திட்டை ஒட்டி வரும்போது, தண்ணீருக்குள் இறங்கி விசிறி சுற்றும் எஞ்சினின் கால் மணலில் மோதியது. ஒரு துள்ளல். பலகையை விட்டுக் கழன்று, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. இடுப்பளவு ஆழம்தான். குதித்து, கட்டிப்பிடித்து, உருட்டித் திட்டின் மேல் ஏற்றினான். இரண்டு பேர் தூக்குகிற எஞ்சினைத் தான் ஒருவனே எப்படி ஏற்றினோம் என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது. ஏற்றி முடித்ததும் அவன் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, இரண்டு கரைகளையும். ஒரு காக்காய் குருவி இல்லை.

இந்தப் புது எஞ்சினுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று இருந்தது. அது எத்தனையோ தடவை தண்ணீரில் விழுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்று, கயிற்றை இழு, தண்ணீரைத் துப்பும், வெயிலில் வை, மறுபடி ஓடும். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் வீடு அது. மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தான். புது எஞ்சின் பிளக் துளை வழியே தண்ணீரைத் துப்பியது. பிளக்கைத் துடைத்து மாட்டி, பலகையில் ஏற்றி, நெடுநேரம் கயிறு இழுத்தபின் கிளம்பியும் விட்டது. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, முற்றத்து மரச்சட்டத்தில் வெயில் படும்படி மாட்டினான்.

"பாருடா, எஞ்சினை எப்படிக் குளிப்பாட்டி வச்சிருக்கார்னு. கண்ணுல ஒத்திக்கலாம். கத்துக்கோ" என்றாள் மாமியார் மகனிடம்.

அப்போது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அவன் துணியை உதறிக் கொடியில் போட்டான். எண்ணெயை மாற்றினால் நல்லது என்று மனசின் ஒரு ஓரத்தில் உறுத்தியது. எண்ணெய் டப்பாவோடு வீட்டுக்குள் வந்தால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். ஓடுகிறதே, அதுவே போதும் என்று விட்டுவிட்டான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது; சில நாள் படகே ஓடவில்லை. மழை விட்டதும் குடுக்கை போனான்.

மெக்கானிக் வெயில் ஏறியபின் வந்தார். ஊரிலுள்ள எஞ்சின்களெல்லாம் அவர் காதோரம் அலறி அலறி, அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து, எதையும் கத்தித்தான் பேசுவார். அவர் ஒரு வீட்டில் வேலை பார்த்தால் பக்கத்து வீடுகளுக்குத் தனியாகச் செய்தி சொல்ல வேண்டியதில்லை.

"டீ போட்டாச்சா தங்கச்சி?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார். "டீ குடிக்காம நான் மூடியத் தொறக்கமாட்டேன். தொறந்தப்புறம் யாரும் எனக்கு டீ குடுக்கிறதில்ல, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிறாங்க."

டீ வந்தது. எஞ்சின் முற்றத்தில் மரச்சட்டத்தில் மாட்டியிருந்தது. அதன் கால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மின் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. மாமனார் நாற்காலியில், குடுக்கை சுவரோரம். மாப்பிள்ளை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் நின்றான். அந்த வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். முகத்துக்கு நேரே வெளிச்சம் வராத இடம் அதுதான்.

மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றி, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், பால் ஊற்றின காப்பி நிறத்தில் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"தண்ணி!" என்று கத்தினார். "எண்ணெயில தண்ணி! அளவும் ஏறிப்போயிருக்கு. எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி, வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். வெளிச்சத்தில் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"இங்கயும் தண்ணி. பெட்ரோல் கேன் எங்க வச்சிருந்தீங்க? மழையிலயா?"

குடுக்கை சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். "நான்தான் வச்சேன்" என்றான்.

"என்னது?"

"கேனை நான்தான் வெளியில வச்சேன். மூடிய இறுக்கினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. மழை வேற பேஞ்சுச்சு. என்னாலதான் இருக்கும்."

"இருக்குமாவது! நீயேதான்!" என்று மாமனார் கம்பைத் தரையில் தட்டினார். "செஞ்சதெல்லாம் செஞ்சுட்டுக் காலையில துறையில என்ன சொன்னான் பாத்தீங்களா மாப்பிள்ளை? ஒண்ணும் பண்ணலையாம்!"

மெக்கானிக்குக்கும் அது பொருத்தமாகவே பட்டது. "பெட்ரோலோட தண்ணி போயி, எரியாம, அப்படியே கீழ எண்ணெயில இறங்கியிருக்கும். இவ்வளவு இறங்குமான்னுதான் யோசனையா இருக்கு. சரி, கேனைக் கழுவி, எண்ணெயை மாத்தி ஓட விட்டுப் பாப்போம்."

மாப்பிள்ளையின் டார்ச் வெளிச்சம் எஞ்சினை விட்டு விலகிக் குடுக்கையின் காலடியில் போய் விழுந்தது. "இங்க காட்டுங்க மாப்பிள்ளை" என்றார் மெக்கானிக். வெட்கம் ஒரு பக்கம். அதைவிட வெட்கக்கேடு, அவன் நெஞ்சுக்குள் சட்டென்று ஒரு நிம்மதி வந்துவிட்டது. கேன்தான் காரணம் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? குடுக்கைக்கு இன்னொரு திட்டு. அவன் வாங்காத திட்டா?

அந்த நிம்மதி, எண்ணெய் வடிந்து முடிகிற மட்டும்கூட நிற்கவில்லை.

"இனிமே இவன் படகுல கால் வைக்கக்கூடாது" என்றார் மாமனார். "ஐஸ் கம்பெனியில ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்கேயே தங்கி, பெட்டி தூக்கிப் பொழைக்கட்டும். சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிடு. நாளைக்கு ஆறு பேரை நடுத்தண்ணியில முழுகடிச்சுட்டு வந்து நின்னான்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்?"

மாமியார் உள்ளே போனாள். பரணிலிருந்து பையை இழுக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் மனைவி வாசல்படியில் நின்று, "அப்பா, ஒரு தடவை..." என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போ."

புது எண்ணெய் ஊற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து, மெக்கானிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. டிரம்மில் தண்ணீர் கலங்கிக் கொப்பளித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திக் குச்சியை உருவினால், மறுபடியும் அதே காப்பி. மெக்கானிக்கின் முகம் கோணியது.

"கேன் தண்ணி மட்டும் இல்ல இது. உள்ளேருந்து வருது. தண்ணிய உள்ள விடாம அடைக்கிற கேஸ்கட் போயிருந்தா, எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி எண்ணெயில கலக்கும். இன்னொரு தடவை எண்ணெய் மாத்திப் பாக்குறேன். அப்பவும் இப்படின்னா எஞ்சின் தலையக் கழட்டணும். அது இங்க ஆகாது, கடைக்குத் தூக்கிட்டுப் போகணும். எப்ப வரும்னு கேக்காதீங்க."

எண்ணெய் வடியட்டும் என்று மெக்கானிக் இரண்டாவது டீக்கு உட்கார்ந்தார். மாப்பிள்ளை கை கழுவுகிற சாக்கில் கொல்லைக் குழாய்க்குப் போனான். பின்னாலேயே குடுக்கையும் வந்தான். சோப்பை எடுத்து அத்தான் கையில் வைத்தான்.

"அத்தான், கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

"நீங்க எவ்வளவு சொன்னீங்க. கயிறு கட்டுடா, மூடிய இறுக்குடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் காதுல வாங்கல. நீங்க அவ்வளவு பாத்துப் பாத்துக் கழுவி வச்ச எஞ்சினை ஒரே நாள்ல கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க அத்தான்."

மாப்பிள்ளை சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நுரை முழங்கை வரை ஏறியது.

"அப்பா சொல்றதும் சரிதான். நடு ஆத்துல நின்னப்ப அந்த நர்ஸக்கா என் முகத்தைப் பாத்தாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு" என்றான் குடுக்கை. கொஞ்சம் பொறுத்து, "அப்புறம், படகுல முன்பலகையில ஒரு ஆணி தூக்கிக்கிட்டு நிக்குது. யார் காலையாவது கிழிச்சுடும். நான் அடிக்கணும்னு இருந்தேன். நீங்க அடிச்சுடுங்க" என்றான்.

சொல்லிவிட்டு அவனும் கையைக் கழுவிக்கொண்டு போனான். மாப்பிள்ளை குழாயை மூட மறந்து நின்றான். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான், அதுவும் செய்தவனிடமே வந்து கேட்கிறான். கையில் சோப்பை வேறு கொடுத்துவிட்டுக் கேட்கிறான். இதைவிடக் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம்.

அவன் முற்றத்துக்கு வந்தபோது மெக்கானிக் புது எண்ணெயை ஊற்றி எஞ்சினை ஓட விட்டிருந்தார். குடுக்கையின் பை வாசலில் தயாராக நின்றது. மாமியார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டான். அதையும் நேர்மையாகச் செய்ய அவனுக்குத் துணிவு வரவில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிடுவோம், அவர் பார்த்து எப்படியாவது சரிக்கட்டிவிடுவார் என்று நினைத்தான். குனிந்து அவர் காதோரம் சொன்னான்.

"ஆங்?" என்றார் மெக்கானிக்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

"என்ன, கேஸ்கட்டா? கேஸ்கட் கடையிலதான் மாத்தணும்!"

"கேஸ்கட் இல்ல! எஞ்சின்..."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை!"

"தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு! நான்தான் விழ வச்சேன்!"

அவன் தொண்டை கிழியக் கத்தினான். சரியாகக் கேட்பதற்காக மெக்கானிக் அதே நேரம் எஞ்சினை நிறுத்தியிருந்தார். முற்றம் நிசப்தமாகிவிட்ட பிறகும் அவன் குரல் மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாயடியில் குடம் வைத்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மாமனார் நாற்காலியில் அசையவில்லை. மாமியாரின் முந்தானை கண்ணிலேயே நின்றது. அதிர்ச்சியடையாதவர் மெக்கானிக் ஒருவர்தான். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்படிச் சொல்லுங்க! எப்போ விழுந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி."

"எங்க? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"உப்புத் தண்ணி. மணல் திட்டுக்கிட்ட."

"ஓடிக்கிட்டிருக்கும்போதா, நின்னப்புறமா?"

"ஓடும்போதே."

மெக்கானிக் நாக்கைச் சப்புக்கொட்டினார். "வேகமாவா?"

"இல்ல, மெதுவாத்தான் வந்தேன்."

"பொழச்சீங்க. வேகமா ஓடியிருந்தா உள்ள இருக்கிற கம்பியெல்லாம் வளைஞ்சிருக்கும். எப்படிக் கழண்டுச்சு?"

"திருகை இறுக்கல."

"கயிறு?"

"கட்டல."

குடுக்கை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காமலே அதை உணர்ந்தான்.

"தூக்கினதும் என்ன செஞ்சீங்க?"

"பிளக்கைக் கழட்டிக் கயிறை இழுத்தேன். தண்ணி வந்துச்சு. அப்புறம் ஓடிச்சு."

"அது டூ ஸ்ட்ரோக் வைத்தியம் மாப்பிள்ளை! அதுக்கு வயித்துல எண்ணெயே கிடையாது, பெட்ரோலோட கலந்து குடிச்சுட்டுப் போயிடும். இது ஃபோர் ஸ்ட்ரோக், வயித்துல எண்ணெயைக் கட்டி வச்சிருக்கு. நீங்க துப்ப வச்சது தொண்டையில நின்ன தண்ணிய. வயித்துத் தண்ணி அப்படியே இருந்து, அத்தனை நாளும் உள்ள அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அன்னிக்கே எண்ணெயை மாத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. எண்ணெயை மாத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அதுவரை கேட்டதெல்லாம் எஞ்சினைப் பற்றிய கேள்வி. இதையும் எஞ்சினுக்காகத்தான் கேட்டார் பாவம். எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"வீட்டுல தெரிஞ்சுடுமேன்னு" என்றான் மாப்பிள்ளை.

இந்த முறை மெக்கானிக்குக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது. அவர் ஸ்பேனரை எடுத்து, இழுவைக் கயிறு இருக்கும் மேல் தட்டைக் கழற்றினார். அடியில் கருஞ்சேறு அப்பியிருந்தது. வெளியே அத்தனை பளபளப்பாகத் துடைத்த எஞ்சினுக்குள், மணல் திட்டின் சேறு காய்ந்து கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

வேலை நீண்டது. சேற்றைச் சுரண்டிக் கழுவினார்கள். ஒயர் சேருமிடங்களில் பூத்திருந்த பச்சைக் களிம்பைத் தேய்த்தெடுத்தார்கள். பிளக் துளையில் எண்ணெய் விட்டு, கையால் மெல்லச் சுற்றி, எங்காவது இடறுகிறதா என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இடறவில்லை. எண்ணெய் ஊற்று, ஓட்டு, வடி. மறுபடி ஊற்று, ஓட்டு, வடி. ஒவ்வொரு தடவையும் காப்பி நிறம் கொஞ்சம் வெளுத்தது. டார்ச்சை இப்போது குடுக்கை பிடித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை கெட்ட எண்ணெயை டப்பாவில் பிடித்துப் பிடித்து ஓரமாக வைத்தான். யாரும் அவனை விரட்டவில்லை, கூப்பிடவுமில்லை.

வெயில் தணிந்தபோது குச்சியில் தேன் நிறத்தில் எண்ணெய் வந்தது. எஞ்சின் புகையில்லாமல் ஒரே சீராக ஓடியது.

"தப்பிச்சுது" என்றார் மெக்கானிக். "கொஞ்ச நாளைக்கு அடிக்கடி எண்ணெயை மாத்துங்க. இன்னும் ரெண்டு சவாரி அப்படியே போயிருந்தா, இரும்பு விலைக்குத்தான் போட்டிருக்கணும்." அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். தெருவில் யாரோ என்னவோ கேட்டார்கள், அவர் கத்திப் பதில் சொன்னதும் கேட்டது. மாப்பிள்ளை அதைக் காதில் வாங்காமல் இருக்கப் பார்த்தான். எல்லாம் காதில் விழுந்தது.

மாமனார் மகனைப் பார்க்காமலே, "அந்தப் பைய உள்ள கொண்டுபோய் வை" என்றார். குடுக்கை எடுத்துப் போனான்.

மாப்பிள்ளை தன் மனைவியைத் தேடி அறைக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறை வாசலிலேயே நின்றான்.

"விழுந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமல். "யார் கையிலயும் விழும். என்கிட்டகூடச் சொல்லாம எப்படி உங்களால சாப்பிட முடிஞ்சுது, தூங்க முடிஞ்சுது, அதுதான் எனக்குப் புரியல."

"சொல்லணும்னுதான்..."

"வாங்க, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க."

கூடத்தில் வரிசையாகத் தட்டு வைத்திருந்தார்கள். மாமனார் உட்கார்ந்திருந்தார். குடுக்கை உட்காரவில்லை. அடுப்படி வாசலில் அம்மாவிடமிருந்து பாத்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வந்து நின்றான்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

நீங்க, வாங்க, உக்காருங்க. ஒரு எழுத்துக்கூட மரியாதை குறையவில்லை. காலையில் ஒன்றுமே செய்யாத மகனை அம்மிக்கல்லுக்குக் கீழே இறக்கிய வாய் அது. மகனைத் திட்டலாம், மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் தானும் ஒரு பிள்ளை என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வசவுக்குக்கூட உரிமையில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க" என்றான். "அவனைத் திட்டினீங்களே, அதே மாதிரி திட்டிடுங்க."

மாமனார் வலிக்கிற காலைக் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே நின்ற மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறக்கிக்கொண்டார்.

"உங்களைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை" என்றார். "இவன் என் புள்ளைன்னு சொல்லிக்கக் கூசுதுன்னு துறையில அத்தனை பேர் முன்னால சொன்னேன். நான் சொல்லும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? அப்பவே என் வாயைப் பொத்தியிருக்கலாமே."

மாப்பிள்ளை உட்கார்ந்தான். மாமியார் சோற்றோடு வந்து, எப்போதும் போல முதலில் அவன் தட்டில்தான் போட்டாள்.